செடி தன்னைக் காத்துக்கொண்டதை நேரில் பார்த்த அனுபவம்

பயிர் நோயியல் ஆய்வகத்தில் பணியாற்றிய காலத்தில் கண்டவற்றுள் இரண்டை இங்கே பகிர விரும்புகிறேன். முதலாவது, புகையிலை வளையப்புள்ளி வைரஸைத் தேய்த்து ஏற்றிய செடிகளில் நிகழ்ந்தது. வைரஸ் ஏற்றிய இலைகளிலும் அவற்றுக்குச் சற்று மேலிருந்த இலைகளிலும் வளையம் வளையமாகக் கருகல் பரவியிருக்க, அதன்பின் தோன்றிய இலைகள் நோய்க்குறி ஏதுமின்றிப் பசுமையாக விரிந்தன. அந்தத் தெளிந்த இலைகளில் அதே வைரஸை மீண்டும் தேய்த்தபோதும் நோய் வரவில்லை. தாவர நோயியல் ஆய்வாளர் விங்கார்டு 1928-ஆம் ஆண்டிலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார் என்று படித்திருந்தேன். ஆயினும் ஒரே தண்டில் கீழே நோயும் மேலே நலமுமாகச் செடி நிற்பதைப் பார்த்தபோது எனக்கு உண்டான வியப்பு பெரிது.

நோயை எதிர்ப்பதற்கென்று உடலெங்கும் சுற்றிவரும் அணுக்கள் செடிக்கு இல்லை. ஒவ்வொரு செல்லும் தன்னைத்தானே காத்துக்கொள்ள வேண்டும். தாவர வைரஸ்களில் பெரும்பாலானவற்றின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. ஆகும். அது படியெடுக்கப்படும்போது உருவாகும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் செடியின் டைசர் வகை நொதிகள் 21 அல்லது 22 நியூக்ளியோடைடு (ஆர்.என்.ஏ. இழையின் அடிப்படை அலகு) நீளமுள்ள துண்டுகளாக வெட்டுகின்றன. ஆர்கோனாட் என்னும் புரதங்கள் அத்துண்டுகளை ஏந்திக்கொண்டு, அவற்றுக்கு இணையான வரிசை கொண்ட வைரஸ் ஆர்.என்.ஏ.வைத் தேடி அழிக்கின்றன. தாக்க வந்த வைரஸின் வரிசையே அதை அடையாளம் காட்டும் கருவியாகிவிடுவதால், அதுவரை சந்தித்திராத வைரஸையும் செடியால் எதிர்க்க முடிகிறது; இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். இச்சிறு ஆர்.என்.ஏ.க்களைச் செடிகளில் கண்டறிந்து ஹாமில்டனும் பால்கோம்பும் 1999-இல் வெளியிட்டனர். எல்லாச் செடிகளும் இப்படித் தேறிவிடுவதில்லை. வெள்ளரித் தேமல் வைரஸின் 2பி போன்ற புரதங்கள் இந்தத் தற்காப்பையே முடக்கிவிடுகின்றன.

இரண்டாவது அனுபவம் முற்றிலும் வேறு வகையானது. நிக்கோட்டியானா குளூட்டினோசா என்ற காட்டினத்திலிருந்து பயிர்ப் புகையிலைக்குள் கொண்டுவரப்பட்டதும், 'என்' என்ற எழுத்தால் குறிக்கப்படுவதுமான மரபணு, புகையிலைத் தேமல் வைரஸின் படியெடுக்கும் புரதத்தில் ஒரு பகுதியை அடையாளம் கண்டுகொள்கிறது. உடனே தாக்குண்ட செல்களும் அவற்றைச் சுற்றியுள்ளவையும் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்கின்றன. வைரஸ் அச்சிறு கருகிய புள்ளிக்குள்ளேயே அடைபட்டுவிடுகிறது. ஆனால் வெப்பநிலை 28 பாகை செல்சியசைக் கடந்துவிட்டால் இம்மரபணு செயலிழந்துவிடும். வெப்பக் கூடத்தில் வைத்திருந்த செடிகளில் புள்ளிகள் தோன்றாமல் வைரஸ் எங்கும் பரவியது. பின்னர் அவற்றைக் குளிர்ந்த கூடத்துக்கு மாற்றியதும், வைரஸ் நிறைந்திருந்த செல்கள் அனைத்தும் ஒருசேர மடியத் தொடங்கி, இலை, காம்பு, தண்டு என முழுச் செடியும் சரிந்தது. நோயைத் தடுக்கும் அதே மரபணுதான் அச்செடியைக் கொன்றது. எதிர்ப்புத்திறன் உள்ள ரகம் என்று அறிவிக்கும்போது, அது எந்த வெப்பநிலை வரை செல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்வது கட்டாயம் என்று நான் கருதுவது இதனால்தான்.

மிளகாயில் வேறொரு வழியும் உண்டு. பொட்டிவைரஸ்கள் என்னும் தாவர வைரஸ் வகை பெருகுவதற்குத் தேவைப்படும் இ.ஐ.எஃப்.4இ என்ற செடிப் புரதம் சில வகைகளில் சற்றே மாறியிருப்பதால், வைரஸால் அதைப் பற்றிக்கொள்ள முடிவதில்லை. அத்தகைய வகைகளை வளர்த்த அனுபவம் உள்ளவர்கள், கடும் வெப்பத்தில் அந்த எதிர்ப்பு எப்படி இருந்தது என்று எழுதினால் மகிழ்வேன்.