வாசல் படியில் ஐஸ், வெந்நீர் ஊற்றியும் மறுபடி உறைகிறது (அவசரம்)

படியேறி:
வாசல் படி முழுக்க ஐஸ். கெட்டில்ல வெந்நீர் வெச்சு ஊத்தினேன், உருகுச்சு. கொஞ்ச நேரத்துல திரும்ப உறைஞ்சு கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, முன்னைவிட மோசம். இன்னும் நிறைய ஊத்தணுமா? சாயங்காலம் வயசானவங்க வர்றாங்க, சீக்கிரம் சொல்லுங்க.

கல்தச்சன்:
இனி ஒரு சொட்டுகூட ஊத்தாதீங்க. வெளியே எத்தனை டிகிரி? படி கான்கிரீட்டா, கல்லா, மரமா? ஐஸ் எவ்வளவு கனம்? ஊத்தின தண்ணி எங்கே வடியுது?

கொதிகலன்:
ஊத்தினது பத்தலை, அவ்வளவுதான். பெரிய அண்டாவுல கொதிக்கக் கொதிக்க எடுத்து ஒரே மூச்சில் ஊத்தி, உடனே துடைப்பத்தால் தள்ளிடுங்க.

பனிக்கோல் (மூத்த உறுப்பினர்):
வெப்பநிலை, கனம், படி எதால் ஆனது. இந்த மூன்றும் இல்லாமல் கேள்வி போடக் கூடாது என்று முதல் இழையிலேயே எழுதி வைத்திருக்கிறோம். யாரும் படிப்பதில்லை.

கொதிகலனுக்குக் கணக்கு. 0 டிகிரியில் உள்ள 1 கிலோ ஐஸை உருக்க 334 கிலோஜூல் வேண்டும். 80 டிகிரி வெந்நீர் 1 லிட்டர், 0 டிகிரிக்கு ஆறும்போது கொடுப்பது ஏறக்குறைய அதே அளவு. ஆக 1 லிட்டர் வெந்நீர் உருக்குவது 1 கிலோ ஐஸ், மிச்சம் நிற்பது 2 லிட்டர் சில்லென்ற தண்ணீர். 1 மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழம், 6 படி, 5 மி.மீ. கனம் என்று வைத்தால் ஐஸ் மட்டும் 8 கிலோவுக்கு மேல். எல்லாம் உருகினால் படியில் 16 லிட்டருக்கு மேல் தண்ணீர். அதுவும் ஒரு துளி வெப்பம்கூட வீணாகாது என்று வைத்துக்கொண்டால்தான். உண்மையில் பாதி வெந்நீர் ஐஸைத் தொட்டதும் வழிந்து ஓடிவிடும், மீதியின் சூட்டைப் படியே உறிஞ்சிக்கொள்ளும்.

படியேறி:
-8 டிகிரி. கான்கிரீட். 6 படிதான்.

உப்புக்கல்:
வெந்நீர்ல ஒரு பிடி உப்பு போட்டு ஊத்துங்க, அப்புறம் உறையாது.

கல்தச்சன்:
உறையும். 10 லிட்டர்ல ஒரு பிடி, அதாவது 100 கிராம் போட்டா 1 சதவீதம். உறைநிலை அரை டிகிரிதான் கொஞ்சம் சொச்சம் இறங்கும். -8ல உறையாம இருக்க 12 சதவீதம் வேணும், 10 லிட்டருக்கு 1.3 கிலோவுக்கு மேல. அதுவும் ஐஸ் உருகி அதோட கலந்ததும் நீர்த்துப் போயிடும். உப்பைத் தண்ணியில கரைக்காதீங்க, கல்லாகவே தூவுங்க. கல் உப்பு ஐஸைத் துளைச்சுக்கிட்டு அடிவரைக்கும் இறங்கி, கான்கிரீட்டோட இருக்கிற பிடியை விடுவிக்கும். ஐஸ் முழுசும் உருக வேண்டியதே இல்லை, பிடி விட்டாப் போதும்.

தென்றல்:
வெந்நீர் பச்சைத் தண்ணியைவிட வேகமா உறையுமே, எம்பெம்பா விளைவு! அதனாலதான் இவருக்கு இப்படி ஆச்சு.

பனிக்கோல் (மூத்த உறுப்பினர்):
எதிர்பார்த்தேன். எம்பெம்பாவும் ஆஸ்போர்னும் 1969இல் கட்டுரை வெளியிட்டார்கள், சரி. 2016இல் பரிட்ஜ், லிண்டன் இருவரும் கவனமாக அளந்து, அப்படி ஒரு விளைவுக்குச் சான்று இல்லை என்று எழுதினார்கள். அதையும் படித்துவிட்டு வரவும்.

தென்றல்:
ஒரு ஆய்வோட விஷயம் முடிஞ்சிடுமா சார்? வெந்நீர் நிறைய ஆவியாகும், அப்போ உறைய வேண்டிய அளவே குறையும். அது நடக்கலைன்னு சொல்றீங்களா?

கல்தச்சன்:
அது பாத்திரத்துல நிக்கிற தண்ணியைப் பத்தின விவாதம். படியில ஒன்றிரண்டு மி.மீ. கனத்துல பரவுற தண்ணி, சூடா ஊத்தினாலும் சீக்கிரமே 0க்கு வந்துடும். அதுக்கப்புறம் -8ல இருக்கிற கான்கிரீட் அதை அடியிலிருந்தே உறைய வைக்கும். எம்பெம்பா இருந்தாலும் இல்லாட்டியும் படி வழுக்கத்தான் போகுது. தனி இழை தொடங்குங்க ரெண்டு பேரும்.

படியேறி, வரிசையா செய்யுங்க. முதல்ல பருமணல், ஆறு படிக்கும். உருக்காது, ஆனா கால் பிடிக்கும், யாராவது இப்பவே இறங்கணும்னா அதுதான் காப்பாத்தும். அடுத்து கல் உப்பு, படிக்கு ரெண்டு மூணு மேசைக்கரண்டி. -8ல சாதா உப்பு மெதுவாத்தான் வேலை செய்யும், -10க்குக் கீழே போனா நம்ப முடியாது. கால்சியம் குளோரைடு கிடைச்சா அதையே போடுங்க, அது கரையும்போதே சூட்டை வெளியிடும், இதைவிடக் கடுங்குளிரிலும் வேலை செய்யும். கையுறை கட்டாயம். அரை மணி விட்டு, தட்டை முனைச் சுரண்டியை ஓரத்துல சாய்வா நுழைச்சு நெம்புங்க, பலகை பலகையா வரும். மேலிருந்து சுத்தியால் அடிச்சா படிமுனை உடையும். கடைசியா, சேற்றுப் பனியை உடனே பெருக்கித் தள்ளுங்க. அதை விட்டா ராத்திரி உறைஞ்சிடும்.

கான்கிரீட் போட்டு ஒரு வருஷம் ஆகலைன்னா உப்பே வேண்டாம், மேல்தோல் செதில் செதிலா உரியும். மணல் மட்டும் போதும். எப்போ போட்டது?

வண்டிக்காரி:
கார் முன்கண்ணாடிக்கு வெந்நீர் பரவாயில்லையா?

பனிக்கோல் (மூத்த உறுப்பினர்):
கூடாது. முன்கண்ணாடி நடுவில் நெகிழித் தாள் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி. வெந்நீர் பட்ட இடம் விரியும், படாத இடம் விரியாது. கல் தெறித்த சிறு பொட்டு இருந்தால் விரிசல் அங்கிருந்து ஓடும். 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு கலந்து தெளித்து, ஒன்றிரண்டு நிமிடம் விட்டுச் சுரண்டவும். பூட்டுத் துளையில் வெந்நீர் ஊற்றுவது அதைவிடத் தவறு, உள்ளே போய் உறைந்தால் சாவியே நுழையாது.

படியேறி:
மணல், உப்பு போட்டுச் சுரண்டியாச்சு. மேல் 4 படி சுத்தம். கீழ் 2 படி இன்னும் வரலை. நன்றி.

கல்தச்சன்:
ஊத்தின தண்ணியெல்லாம் வடிஞ்சு கீழ் 2 படியிலதான் சேர்ந்திருக்கும், அங்கே கனம் அதிகம். அதுக்கு மட்டும் இன்னொரு தடவை உப்பு போட்டு அரை மணி விடுங்க, அதுவரை மணல் இருக்கட்டும். கூரைத் தண்ணிக் குழாய் அந்தப் பக்கம் வடியுதான்னு பாருங்க, வடிஞ்சா தினமும் இதே கதைதான். கான்கிரீட் எப்போ போட்டதுன்னு இன்னும் சொல்லலையே?