வேப்பம் பலகையில் செய்த வாங்கு வளைகிறது, அம்மம்மாவுக்குக் கொடுக்க முன் என்ன செய்யலாம்?

விசுவமடுவிலிருந்து கேள்வி:
அம்மம்மாவின் புது வீட்டு விறாந்தையில் போட ஒரு வாங்கு செய்துகொண்டிருக்கிறேன். பின்னேரத்தில் அவர் ஆட்களோடு கதைத்துக்கொண்டிருக்கும் இடம் அது. இப்போது ஒரு பிளாஸ்டிக் கதிரையில்தான் இருக்கிறார், முதுகு நோகிறது என்கிறார். மரம் அவருடைய பழைய வளவில் நின்ற வேம்பு. போன மாரிக் காற்றில் விழுந்ததை மரக்காலையில் அரிந்து எடுத்தோம். இருக்கைக்கு ஐந்தடி நீளம், பத்து அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிப்பில் இரண்டு பலகை.

பொருத்தும்போது நேராக இருந்த பலகைகள் இப்போது இரண்டு ஓரமும் எழும்பி, நடு பதிந்து கிடக்கின்றன. தண்ணீர் ஊற்றினால் நிற்கும். இருந்து எழும்பினால் கால்களும் ஆடுகின்றன. சட்டங்களுக்கு நாலு அங்குல ஆணிதான் அடித்திருக்கிறது. மற்றது, ஒரு பலகையில் நீலக் கறுப்பாய் ஒரு கறை. தடவிப் பார்த்தால் அதன் நடுவில் ஏதோ விரலில் குத்துகிறது. போர்க்காலச் செல் (எறிகணை) துண்டோ தெரியவில்லை. சீவுளி போடலாமா?

மாங்குளத்திலிருந்து:
தங்கச்சி, சீவுளியை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். ஈர மரத்தின் சாறும் இரும்பும் சேர்ந்தால் அந்த நிறம் வரும். சண்டை நடந்த பக்கத்து மரமென்றால் மரக்காலைக்காரர் வாள் உடையுமென்று தயங்குவதும் உள்ளே இரும்புத் துண்டு இருக்கலாம் என்பதால்தான். ஒரு காந்தத்தைப் பலகை முழுக்கத் தேய்த்துப் பாருங்கள். பித்தளையைக் காந்தம் பிடிக்காது, ஆகவே கண்ணும் கவனமாக இருக்கட்டும். சின்னச் சிதறல் என்றால் சுற்றிவர மெல்லிய உளியால் கிள்ளி, குறட்டால் எடுக்கலாம். முழு வடிவில் ஏதும் தெரிந்தால் தொடாமல் விட்டுவிட்டு, கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கு அறிவியுங்கள். இதில் அவசரப்படக் கூடாது.

மல்லாவியிலிருந்து:
வளைவுக்குக் காரணம் ஈரம். காயும்போது மரம் நீளத்தில் அவ்வளவாகச் சுருங்காது, அகலத்தில்தான் சுருங்கும். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் கூடுதலாகச் சுருங்கும். பலகையின் நுனிமுகத்தைப் பாருங்கள். வளையங்கள் வானவில் போல நடு மேலே எழும்பி வளைந்திருந்தால் பட்டைப் பக்கம் மேலே இருக்கிறது என்று அர்த்தம். காயக் காய அந்த வில் நிமிரும், அதோடு ஓரங்களும் எழும்பும். வைரப் பக்கத்தை, அதாவது மரத்தின் நடுவை நோக்கிய பக்கத்தை, மேலே வைத்தால் நடுதான் கொஞ்சம் எழும்பும், தண்ணீர் வழிந்துவிடும்.

பலகையைக் கழற்றி நிழலில், காற்றுப் படும் இடத்தில், இடையிடையே ஒரே தடிப்புச் சலாகை வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றுங்கள். நேர் வெயில் வேண்டாம், வெடிக்கும். நுனிகள்தான் முதலில் காய்ந்து பிளக்கும், அங்கே பெயின்ற் அடித்துவிடுங்கள். காய்ந்ததா என்று அறிய ஒரு துண்டை இடைக்கிடை தராசில் நிறுங்கள். நிறை குறைவது நின்றால் போதும். சோளகக் காற்றுக் காலத்தில் நம்மிடம் மரம் நன்றாகக் காயும்.

அப்புறம், பத்து அங்குலப் பலகையை அப்படியே போடாதீர்கள். மூன்றாகக் கிழித்தால் ஒவ்வொன்றிலும் வளைவு மிகக் குறைவு, சீவி எடுக்க வேண்டியதும் குறைவு. இடையில் கால் அங்குலம் விட்டு, ஒவ்வொரு தாங்குசட்டத்திலும் கீற்றின் நடுவில் ஒரு ஸ்க்ரூ மட்டும் இறுக்குங்கள். இரண்டு ஓரத்தையும் பிடித்துக் கட்டினால் மாரியில் ஊதும்போது மரம் எங்கே போகும்? துருப்பிடிக்காத ஸ்க்ரூ வாங்கினால் புதிதாகக் கறையும் வராது.

ஒட்டுசுட்டானிலிருந்து:
கால் ஆடுவது ஆணியால்தான். சட்ட நுனிமுகத்தில் அடித்த ஆணி நாரோடு நாராக ஓடுவதால் பிடிக்காது. காலில் துளை போட்டு, சட்ட நுனியை நாக்குப் போலச் சீவி இறக்கி, குறுக்கே மரமுளை அடியுங்கள். அது கடினமென்றால் போல்ட் போட்டு நட்டால் இறுக்கலாம். ஐந்தடிக்கு நடுவிலும் ஒரு தாங்குசட்டம் வேண்டும். உயரம் பதினெட்டு அங்குலம் வையுங்கள், கைப்பிடியும் போடுங்கள். வயதானவர் எழும்ப அதைத்தான் பிடிப்பார். கால் அடியிலும் பெயின்ற் அடித்துச் சீமெந்துத் தரையில் வையுங்கள். மண்ணில் வைத்தால் வேம்பையும் கறையான் தேடி வரும்.

விசுவமடுவிலிருந்து:
காந்தம் ஒட்டியது, நகமளவு துண்டு ஒன்று வந்தது. அண்ணை, அந்தக் கறைப் பலகையை எறிந்துவிடவா? அம்மம்மாவின் மரம் என்பதால் மனம் வரவில்லை. பூச ஆளிவிதை எண்ணெய் போதுமா?

மாங்குளத்திலிருந்து:
எறிய வேண்டாம். பள்ளத்தை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, சாய்மானத்தின் பின்பக்கத்துக்கு அதைப் போடுங்கள். அங்கே சேலை கொழுவாது. விறாந்தைக்குள் என்றால் எண்ணெய் போதும். மெல்லியதாகப் பூசி, நன்றாகக் காய்ந்தபின் அடுத்த பூச்சு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.