ஒருத்தன் சுட்டதுக்கு வேட்டைக்குப் போற எல்லாருமா பதில் சொல்லவேணும்?

மூதூர்க் கமக்காரன்:
எங்கட பக்கத்து ஊரில காணிச் சண்டையில ஒருத்தர் இடியன் துவக்கால, அதான் ஊரில செய்யிற நாட்டுத் துப்பாக்கியால, சொந்தக்காரரையே சுட்டுப்போட்டார். சுடுபட்டவர் ஆஸ்பத்திரியில செத்துப்போனார். அது கொலை, அதில ரெண்டாம் பேச்சில்லை. ஆனால் அடுத்த நாள் செய்தித் தலைப்பில அவர் ‘வேட்டைக்காரர்’. அந்த மனிசன் காட்டுக்குள்ள போனதை ஊரில ஒருத்தரும் கண்டதில்லை. வீட்டில துவக்கு இருந்தது, அவ்வளவுதான். அதுக்குப் பிறகு என்ர வாசலால போற சனமே என்னை ஒரு மாதிரிப் பாக்குது. என்னட்ட இருக்கிறது லைசன்ஸ் உள்ள சொட்கன். வருசா வருசம் புதுப்பிக்கிறன். வேளாண்மை குடலைப் பருவத்தில நிக்கேக்க பன்றிக்கூட்டம் இறங்கினால் விடியிறதுக்குள்ள வயலை உழக்கிப்போடும். காவலுக்குப் படுக்கிறவன்ர கையில வெறும் டோர்ச் மட்டும் இருந்தால் போதுமா? கொலை செய்தவன்ர பழியை ஏன் எங்கட தலையில கட்டுறியள்?

நிலாவெளி ரீச்சர்:
அண்ணை, உங்கட வருத்தம் விளங்குது. ஆனால் பயப்படுற சனத்தைக் குறை சொல்லாதேங்கோ. இந்தத் திருகோணமலை மாவட்டத்தில துவக்கோட வந்தவையால நல்லது நடந்ததாக எங்கட வயசுக்காரர் ஆருக்கும் ஞாபகம் இல்லை. சொந்த வளவுக்குள்ளயே துவக்குக்குப் பயந்து ஒளிச்சிருந்த சனம் இது. உங்கட துவக்கு பன்றிக்கு, மற்றது மனிசனுக்கு எண்டு தூரத்தில நிண்டு பாக்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

லைசன்ஸைப் பற்றியும் சொல்லுறன். 2010 ஜூன் 2ஆம் திகதி இங்கிலாந்தின்ர கம்பிரியாவில ஒரு டாக்சி ஓட்டுநர் 12 பேரைக் கொன்றார். சொட்கன் ஒண்டு, றைபிள் ஒண்டு, ரெண்டும் லைசன்ஸ் உள்ளவை. நியூசிலாந்து கிறைஸ்ட்சேர்ச்சில 2019 மார்ச் 15இல பள்ளிவாசல்களில 51 பேரைக் கொன்றவனிட்டயும் துப்பாக்கி லைசன்ஸ் இருந்தது. கடுதாசி இருக்குது எண்டதுக்காக மட்டும் நான் ஒருத்தரை நம்பேலாது.

மெல்பேர்ண் திருமலையான்:
நான் ஆஸ்திரேலியாவில் இருக்கிறேன். இங்கே நடந்ததைச் சொல்கிறேன். 1996 ஏப்ரல் 28இல் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அவனிடம் லைசன்ஸே கிடையாது. ஆனால் அதன் பிறகு தடை செய்யப்பட்ட அரைத் தானியங்கித் துப்பாக்கிகளையும் பம்ப் சொட்கன்களையும் அரசிடம் ஒப்படைத்தவர்கள் கமக்காரர்களும் வேட்டைக்குப் போகிறவர்களும்தான். ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகளை அரசு காசு கொடுத்து வாங்கி அழித்தது. கோபம் எந்த அளவு என்றால், சேல் என்ற ஊரில் துப்பாக்கிக்காரர்கள் முன் பேசப் போன பிரதமர் ஜோன் ஹோவார்ட் குண்டு துளைக்காத அங்கி போட்டுக்கொண்டு போனார்.

ஆனாலும் இன்றைக்கு இங்கே வேட்டை நின்றுவிடவில்லை. துப்பாக்கி எதற்கு என்று காரணம் காட்ட வேண்டும், பூட்டி வைக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடுதான் அவர்களுக்கு மரியாதையை மீட்டுக் கொடுத்தது என்பது என் எண்ணம்.

மூதூர்க் கமக்காரன்:
நீங்கள் சொல்லுறதிலயே என்ர பதில் இருக்குதே. லைசன்ஸ் இல்லாதவன் செய்தான், லைசன்ஸ் உள்ளவன் விலை குடுத்தான்.

கோட்டைமான்:
நான் டவுணில இருக்கிறன். காலையில கோணேசர் கோயிலுக்குப் போற பாதையில, கோட்டை வாசலில, புள்ளிமான் மனிசரோட மனிசராய் நிக்கும். எங்கட பிள்ளையள் மானைத் தொட்டு வளர்ந்ததுகள். அதுகளிட்டப் போய் வேட்டை நல்லது எண்டு எப்படிச் சொல்லுறது?

கமக்காரன் அண்ணை, கொலைகாரனில பழியைப் போடாதேங்கோ. உங்களுக்குக் கெட்ட பேர் வந்தது அந்தக் கொலையால இல்லை. மான் இறைச்சியும் மரை இறைச்சியும் ரகசியமாய் வீடு தேடி வருகுதெண்டு ஊருக்கே தெரியும். ரெண்டும் சட்டம் பாதுகாக்கிற மிருகம். பன்றி அந்தப் பட்டியலில இல்லை, அதைப் பற்றி நான் கதைக்கேல்லை. தீனிக்குள்ள வெடியை வைச்சுப் போடுறவங்களும் இருக்கிறாங்கள். அதைக் கடிச்சு வாய் சிதறி, தின்ன ஏலாமல் நாள்க்கணக்கில கிடந்து சாகிற யானைக்குட்டிகளை நினைச்சுப் பாருங்கோ. 2023இல மட்டும் இலங்கையில 400க்கு மேல யானை செத்தது. எல்லாம் வெடியால இல்லை, கரண்டாலயும் ரெயினாலயும் செத்தது கன. ஆனால் வெடி வைக்கிறவனைப் பற்றி வேட்டைக்குப் போற ஒருத்தராவது வாய் திறந்ததை நான் கேட்டதில்லை.

வெருகல் பேரன்:
இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டிருந்தன். என்ர அம்மம்மா பக்கம் வேடர். மூதூர், வெருகல், வாகரைக் கரையில தமிழ் பேசிக்கொண்டு இருக்கிற வேடர் சனம். இப்ப மீன்பிடி, சேனை, கூலி வேலை. எண்டாலும் பள்ளிக்கூடத்தில ஒரு பெடியன் ஆரையும் அடிச்சால் “வேடன்ர புத்தி” எண்டுதான் முதல் சொல் வரும். அடிச்சவன் வேறை ஊர்ப் பெடியனாய் இருந்தால் அவனை மட்டும்தான் பேசுவினம்.

அதால அமெரிக்கக் கதை ஒண்டு எனக்கு நல்லாய் விளங்கும். 2004 நவம்பர் 21, விஸ்கொன்சின் மாநிலம், மான் வேட்டைக் காலம். லாவோசில இருந்து அகதியாய்ப் போன ஹ்மோங் இனத்தவர் ஒருத்தர் இன்னொருத்தரின்ர காணிக்குள்ள இருந்த மரப் பரணில ஏறி இருந்தார். காணிக்காரர் இறங்கச் சொல்ல, வாய்த்தர்க்கம் முத்தி, எட்டுப் பேரைச் சுட்டார். ஆறு பேர் செத்தினம். தன்னை இனத்தைச் சொல்லித் திட்டினவை, முதல்ல சுட்டதும் அவைதான் எண்டார். உயிர் தப்பினவை தாங்கள் முதல்ல சுடேல்லை எண்டிச்சினம். யூரர் சபை அவரை நம்பேல்லை, ஆயுள் தண்டனை.

செத்தவையும் வேட்டைக்காரர், சுட்டவரும் வேட்டைக்காரர். அமெரிக்காவில அதுக்காக எல்லா வேட்டைக்காரரையும் ஆரும் வெறுக்கேல்லை. வெறுப்பு முழுக்க ஹ்மோங் சனத்தில இறங்கிச்சு. ஹ்மோங் ஆக்களைச் சுடச் சொல்லி வாகனத்தில ஒட்டுற ஸ்டிக்கர்கூட வந்தது. 2007 ஜனவரியில அதே மாநிலத்தில காட்டுக்குப் போன ஒரு ஹ்மோங் மனிசனை ஒரு வெள்ளை வேட்டைக்காரன் கொன்றுபோட்டான்.

கமக்காரன் மாமா, பழி எப்பவும் பலமில்லாத பக்கத்துக்குத்தான் உருளும். கச்சேரிக்கு, அதான் மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, போய்ப் பேசக்கூடிய உங்களை விட, காடே சாப்பாடாய் இருந்த சனத்தில அது கூட விழும். 1983இல மதுறுஓயாவைத் தேசியப் பூங்காவாக்கினபோது தம்பானை வேடரின்ர வேட்டைக்காடு அதுக்குள்ள போச்சுது. பாட்டன் போன அதே காட்டுக்குள்ள போன பேரன் குற்றவாளியானான். அவன் ஒரு மனிசனையும் சுடேல்லை.

கிண்ணியா நானா:
தம்பி வெருகல் சொன்னது நெஞ்சைத் தொட்டுச்சு. இருந்தாலும் ஒண்டு கேக்கணும். காட்டுப் பாதையில கட்டுத்துவக்கு வைக்கிறவனை நம்மட ஊர்கள்ல எல்லாருக்கும் தெரியும். கயிறு இழுபட்டா வெடிக்கும். வந்தது பன்றியா, மாடு தேடி வந்த மனிசனா, விறகுக்குப் போன பொம்பளையா எண்டு அதுக்குத் தெரியாது. முழங்காலோட போன காலோட வாழுற ஆக்கள் இருக்காங்க.

நம்மட கடல்ல டைனமைட் அடிக்கிறவன் கொஞ்சப் பேர்தான். ஆனா மீன்காரன் எல்லாருக்கும் அந்தப் பேர் வந்திச்சு. ஏன் வந்திச்சு? அடிக்கிறவன் ஆரெண்டு தெரிஞ்சும் கரையில நிண்டவங்க பேசல்ல. நானும் மீன் வியாபாரிதான், அதால சொல்றன்.

நிலாவெளி ரீச்சர்:
நானா சொன்னதுதான் என்ர கேள்வியும். காணிச் சண்டையில சுட்டவரிட்ட இடியன் துவக்கு இருந்தது. அது திடீரெண்டு முளைக்கேல்லை. அயலுக்குத் தெரிஞ்சிருக்கும். பன்றிக்குத்தானே எண்டு விட்டிருப்பினம். அண்ணை, அந்த விட்டுவிடுகிற பழக்கத்துக்கும் அந்தச் சாவுக்கும் தொடர்பில்லை எண்டு சொல்லுவியளா?

மூதூர்க் கமக்காரன்:
சொல்லமாட்டன். ஆனால் அயலுக்குத் தெரிஞ்சதுக்கும் எனக்கும் என்ன, ரீச்சர்? என்ர துவக்கு நம்பர் அரசாங்கப் பதிவில கிடக்குது. நான் ஒளிக்கேல்லை.

சரி, செய்யக்கூடியதைச் சொல்லுறன். பெரும்போகத்துக்கு முதல் கமக்காரர் அமைப்புக் கூட்டம் வருகுது. கட்டுத்துவக்கையும் தீனி வெடியையும் அதில எழுப்புறன். வைக்கிறவன் ஆரெண்டு தெரிஞ்சால் பொலிசுக்குப் பேர் குடுக்கவேணும், மச்சானாய் இருந்தாலும் சரி. அதோட யானைவேலியும் காவலுக்கு ஆளும் கேக்கிறம். வேலி ஒழுங்காய் இருந்தால் கட்டுத்துவக்கு வைக்கிறவன்ர சாட்டில பாதி போயிடும். கொலைகாரனுக்கு ‘வேட்டைக்காரர்’ எண்டு போட்ட தலைப்பை மட்டும் நான் விடமாட்டன். அதைத் திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதுறன்.

நிலாவெளி ரீச்சர்:
எழுதுங்கோ, நானும் கையெழுத்து வைக்கிறன். வெருகல் தம்பியின்ர பக்கத்தையும் அதில சேருங்கோ. ஆனால் இன்னும் ஒண்டுக்கு நீங்கள் பதில் தரேல்லை. உங்கட வீட்டில துவக்கு எங்க பூட்டிக் கிடக்குது, தோட்டா அதோடயா இருக்குது, திறப்பு ஆரிட்ட?