குளம்பில் நாற்றம், வால் தேய்ப்பு, இருமல்: எதை நானே பார்த்துக்கொள்ளலாம்?

முதல்குதிரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் குதிரை வளர்க்க ஆரம்பித்து 4 மாதம்தான் ஆகிறது. 9 வயதுப் பெட்டை, செவலை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. குணத்தில் தங்கம். ஆனால் இரண்டு வாரமாக விடாத மழை. அதிலிருந்து ஒன்று மாற்றி ஒன்று தொந்தரவு.

பின்னங்கால் இரண்டிலும் குளம்பைத் தூக்கிச் சுரண்டினால் கறுப்பாகக் களிம்பு மாதிரி வருகிறது. அழுகிய நாற்றம், சோப்புப் போட்டுக் கழுவினாலும் கையை விட்டுப் போவதில்லை. நொண்டவில்லை. ஒருவர் மயில்துத்தத்தைப் பொடித்துத் திணி என்கிறார். இன்னொருவர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்று, நுரைத்தால் கிருமி சாகிறது என்று அர்த்தம் என்கிறார். மூன்றாமவர் துணி வெளுக்கும் பிளீச்சே போதும் என்கிறார். மூவருமே பல வருடம் குதிரையோடு இருந்தவர்கள். யார் பேச்சைக் கேட்பது?

அடுத்தது வால். அடிப்பகுதியைத் தூணில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து முடியெல்லாம் ஒடிந்து, பிரஷ் மாதிரி குத்திட்டு நிற்கிறது. வேப்பெண்ணெய் தடவலாமா?

கூடவே, புல் தின்னும்போது மட்டும் நாலைந்து தடவை இருமுகிறாள்.

டாக்டரைக் கூப்பிட எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் எதற்குக் கூப்பிட வேண்டும், எதை வீட்டில் இருப்பதை வைத்தே சரிசெய்யலாம் என்ற கோடு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அவளுக்கு என்னால் எதுவும் ஆகிவிடக் கூடாது.


பழைய லாயக்காரி எழுதியது:

தம்பி, முதலில் ஒரு வேண்டுகோள். அந்த மூன்றையும் குளம்பில் வைக்காதீர்கள்.

நான் 31 வருடம் லாயத்தில் வேலை பார்த்தவள். ஆரம்பத்தில் நானும் மயில்துத்தம்தான் வைத்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு கிழட்டுக் குதிரை. காலைத் தட்டவே வேண்டாம், பக்கத்தில் போய்க் குனிந்தாலே தானாகத் தூக்கிக் கொடுக்கும். வெடிப்பில் துத்தத்தைத் திணித்த மறுநாள் குனிகிறேன், காலை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கியது. நாற்றம் போயிருந்தது, அது உண்மைதான். ஆனால் அழுகலுக்கு அடியில் புதிதாக வளர்ந்துகொண்டிருந்த இளஞ்சதையும் சேர்ந்து வெந்து போயிருந்தது. அது பழையபடி காலைக் கொடுக்க இரண்டு மாதம் ஆயிற்று. பெராக்சைடும் பிளீச்சும் அதே வேலையைத்தான் செய்யும். நுரையை நம்பாதீர்கள், உயிருள்ள சதையில் பட்டாலும் பெராக்சைடு அப்படித்தான் பொங்கும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது த்ரஷ். குளம்பின் அடியில் முக்கோணமாக, ரப்பர் மாதிரி ஒரு மெத்தை இருக்கிறதே, அதை லாடக்காரர்கள் ஃப்ராக் என்பார்கள். அதன் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவிலும் ஒரு பள்ளம். சேறும் லத்தியும் மூத்திரமும் அங்கே அடைந்து கிடந்தால், காற்றுப் படாத இடத்தில் செழிக்கிற கிருமிகள் குடியேறிவிடும். அதனால் எந்தக் களிம்பைவிடவும் காற்றும் காய்ந்த தரையும்தான் முதல் மருந்து.

இன்றைக்கே கொட்டடியில் போய் மண்டியிட்டு ஒரு நிமிடம் இருங்கள். எழுந்திருக்கும்போது முழங்காலில் துணி ஈரமாக இருந்தால் அவளும் நாள் முழுக்க ஈரத்தில்தான் நிற்கிறாள். மேலே காய்ந்த வைக்கோலைத் தூவி மறைத்துப் பயனில்லை, அடியோடு வாரித் தரையைக் காயவிட வேண்டும். தினமும் கொஞ்ச நேரம் கெட்டியான தரையில் நடத்துங்கள். நடக்கும்போது ஃப்ராக் அமுங்கி விரியும், பள்ளத்தில் அடைந்தது தானாக உதிரும்.

குளம்பை இரண்டு வேளையும் எடுங்கள். சுரண்டியைக் குதிகால் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி இழுக்க வேண்டும், எதிர்த் திசையில் கூடாது. பிறகு விறைப்பான பிரஷ்ஷும் உப்புத் தண்ணீரும். கொதித்து ஆறிய நீர் 1 லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டி ஏறக்குறைய ஒன்றரை டீஸ்பூன். உடம்பில் இருக்கிற நீருக்குச் சமமான உப்பு அது, சதையை எரிக்காது. கழுவியதும் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஈரத்தோடு மருந்து வைத்தால் ஈரத்தை உள்ளே பூட்டியது போலாகும்.

இனி களிம்பு. வெள்ளைச் சர்க்கரை இரண்டு பங்கு, 10 சதவீத போவிடோன் அயோடின் ஒரு பங்கு. சாய்த்தால் மெல்ல இறங்குகிற தேன் பதம் வரும்வரை குழையுங்கள். சர்க்கரை ஈரத்தை உறிஞ்சும், அயோடின் கிருமியைப் பார்த்துக்கொள்ளும், சதை வேகாது. மூடி போட்ட டப்பாவில் வைத்தால் கெடாது. பஞ்சைத் திரியாக உருட்டி அதில் தோய்த்துப் பள்ளத்தில் படிய வையுங்கள். இறுக்கி அடைக்காதீர்கள். தினமும் பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புதிது. கையுறை போடாவிட்டால் விரலெல்லாம் பழுப்பாகிவிடும்.

நடுப் பள்ளத்தைத் தனியாகப் பாருங்கள். நல்ல குளம்பில் அது கட்டைவிரல் பதிகிற மாதிரி அகலமான, ஆழமில்லாத குழிவு. அதுவே ஒரு கோடாக இறுகி, காது குடையும் பஞ்சுக் குச்சி உள்ளே போய் மறைகிறது, அவள் காலை உதறுகிறாள், ரத்தம் கசிகிறது என்றால் அது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை; மருத்துவரைக் கூப்பிடுங்கள். தொங்குகிற செத்த தோலை நீங்கள் கத்தியால் நறுக்க வேண்டாம், லாடக்காரர் செய்யட்டும். நாற்றம் ஒரு வாரத்திலேயே குறையலாம். ஃப்ராக் பழைய உருவத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும். குளம்புச் சுவரே மாதத்துக்கு 1 சென்டிமீட்டருக்குள்தானே வளர்கிறது.

வாலுக்கு எண்ணெய் எடுப்பதற்கு முன் ஒரு இடத்தைப் பாருங்கள். பெட்டை என்றீர்களே, இரண்டு காம்புக்கும் நடுவே உள்ள மடிப்பில் கறுப்பாகப் பிசின் மாதிரி அழுக்கு சேரும். அது அரித்தால் அங்கே வாய் எட்டாது, பாவம், வாலைத்தான் தேய்க்கும். எத்தனையோ பெட்டைகளுக்கு 'தோல் வியாதி' என்று சொல்லப்பட்டது வெதுவெதுப்பான தண்ணீரில் போயிருக்கிறது. அங்கே சுத்தமாக இருந்தால் வாலைத் தூக்கி ஆசனவாயைச் சுற்றிப் பாருங்கள். மஞ்சளாகவோ சாம்பலாகவோ பசை ஒட்டியிருந்தால் ஊசிப்புழுவின் முட்டையாக இருக்கலாம். தினமும் துடைத்து, துணியை வெளியே எறிந்துவிட்டு, டாக்டரிடம் புழு மருந்து கேளுங்கள். சாம்பலும் மூலிகையும் கொடுத்துக் குடற்புழு போனதை நான் பார்த்ததில்லை.

இரண்டும் இல்லை, பிடரியையும் தேய்க்கிறாள் என்றால் சின்னக் கொசுப்பூச்சிகளின் கடி ஒத்துக்கொள்ளாத அரிப்பாக இருக்கும். அவை விடியலிலும் அந்தியிலும்தான் மொய்க்கும், காற்றை எதிர்த்துப் பறக்க வலு இல்லாதவை. அந்த நேரத்தில் உள்ளே கட்டி, அவள் எட்டாத உயரத்தில் ஒரு மின்விசிறி வையுங்கள். வேப்பெண்ணெயை அப்படியே பூசக் கூடாது. வேறொரு சாதா எண்ணெயில் நன்றாகக் கலந்து, கையகல இடத்தில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். தோல் உரிந்து சிவந்த இடத்தில் வேண்டவே வேண்டாம்.


ஈரப்புல் எழுதியது:

இருமலைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதோடு இரண்டு வருடம் போராடியவன் நான். தேன் கொடுத்தேன், ஆவி பிடிக்க வைத்தேன். பக்கத்தில் நின்றபோது குறைந்த மாதிரி இருந்ததே தவிர, புல்லைப் போட்டதும் மறுபடி இருமல். ஒரு நாள் காலையில் சன்னல் வழியாக வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. அந்த ஒளியில் ஒரு பிடி காய்ந்த புல்லை எதேச்சையாக உதறினேன். புகை மாதிரி எழுந்தது. அதற்குள் மூக்கை விட்டுத்தான் அவன் தினமும் தின்றுகொண்டிருந்தான்.

புல்லை முழுக்க முங்கும்படி 10 முதல் 30 நிமிடம் ஊறவைத்து, வடித்து, ஈரமாகவே கொடுங்கள். காய்ந்துவிட்டால் திரும்பத் தூசிதான். ராத்திரி முழுக்க ஊறப் போடாதீர்கள். சத்து இறங்கிவிடும், வெக்கையில் புளித்தும் போகும். வடித்த பழுப்புத் தண்ணீரைக் குடிக்க விடாமல் கொட்டிவிடுங்கள். தீனியை உயரத்தில் தொங்கவிடாமல் தரையில் வைத்தால், தலை தாழ்ந்து சளியும் தூசியும் மூக்கு வழியாக வடிந்துவிடும். கொட்டடியைப் பெருக்கும்போது அவளை வெளியே கட்டுங்கள். புல் கட்டுகளை அவள் தலைக்கு மேலேயோ பக்கத்துத் தடுப்பிலேயோ அடுக்காதீர்கள். எனக்கு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது.

சளி கெட்டியாக வந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, சும்மா நிற்கும்போதே விலா ஏறி இறங்கினாலோ காத்திருக்க வேண்டாம். தின்னும்போது மூக்கு வழியாக எச்சிலும் தீனியும் சேர்ந்து ஒழுகினால் தொண்டையில் அடைத்திருக்கிறது. தீனி, தண்ணீர் இரண்டையும் எடுத்துவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.


கால்நடை மருத்துவர் ஒருவர் எழுதியது:

கோடு எங்கே என்று கேட்டீர்கள். அதைக் கண்டுபிடிக்க அவள் நன்றாக இருக்கும் நாளிலேயே அளவு எடுத்து எழுதி வையுங்கள். ஓய்வில் இருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, ஆசனவாயில் வெப்பநிலை 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ். தாடை எலும்பின் உள்பக்கம் விரலை வைத்தால் கயிறு மாதிரி ஒரு ரத்தக்குழாய் உருளும், அங்கே நாடி எண்ணலாம். பல் ஈறை விரலால் அழுத்தி விட்டால் 2 வினாடிக்குள் வெளுப்பு மறைய வேண்டும். இந்த எண்களோடு நீங்கள் போன் செய்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

வயிற்று வலிக்கு வீட்டு வைத்தியமே கிடையாது. முன்னங்காலால் தரையைப் பறிப்பது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, புரள்வது, லத்தி நின்றுபோவது, எதைப் பார்த்தாலும் தீனியை எடுத்துவிட்டுப் போன் செய்யுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வாயில் பாட்டிலை வைத்து எண்ணெய் ஊற்றவே ஊற்றாதீர்கள். அப்படி ஊற்றப்பட்ட ஒரு குதிரையிடம் என்னை அழைத்துப் போனார்கள். வயிறு சரியாகிவிட்டது, நுரையீரலுக்குள் போன எண்ணெயை என்னால் எடுக்க முடியவில்லை. ஊற்றியவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் முன்பே சொல்லவில்லை, அதனால்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன்.

கண்ணில் என்ன வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். மிச்சம் இருக்கும் பழைய சொட்டு மருந்தைப் போடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால் கண்ணே போகலாம். முன்னங்கால் முட்டிக்குக் கீழேயும், பின்னங்காலில் அதே உயரத்துக்குக் கீழேயும் காயம் பட்டால், உப்புத் தண்ணீரால் கழுவிச் சுத்தமான கட்டுப் போடுவதோடு நிறுத்துங்கள். அங்கே புண் ஆறாமல் சதை மேலெழுந்து வளரும் சுபாவம் குதிரைக்கு உண்டு, காரமான பொடிகள் அதை இன்னும் மோசமாக்கும். குளம்பில் ஆணி ஏறியிருந்தால் முடிந்தவரை அதை அசைக்காமல் என்னைப் போன்றவரைக் கூப்பிடுங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று படம் எடுத்துப் பார்க்க வேண்டும். டெட்டனஸ் குதிரைக்கு மிகச் சுலபமாகத் தாக்குகிற நோய். த்ரஷ் இருக்கும்போது ஊசி போட்ட தேதியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

திடீரென்று ஒரு காலை ஊன்றவே முடியாமல் நின்றால், குளம்பு சுட்டால், அது த்ரஷ் அல்ல. சீழ் கட்டியிருக்கலாம்.


முதல்குதிரை எழுதியது:

9 நாள் கழித்து எழுதுகிறேன். மண்டியிட்டுப் பார்த்தேன், இரண்டு முழங்காலும் நனைந்தன. படுக்கையை அடியோடு வாரிவிட்டேன். வலது பின்னங்காலில் நாற்றம் போய்விட்டது. இடதில் நடுப் பள்ளத்துக்குள் பஞ்சுக் குச்சி ஒரு விரற்கடை இறங்கியது, டாக்டர் வந்து சுத்தம் செய்து மருந்து வைத்துவிட்டுப் போனார். டெட்டனஸ் ஊசி தவறியிருந்தது, அதையும் போட்டாயிற்று. புல்லை ஊறவைத்துத்தான் கொடுக்கிறேன். நேற்றிலிருந்து இருமல் ஒரே ஒரு தடவை.

அக்கா, நீங்கள் சொன்ன இடத்தில்தான் அழுக்கு இருந்தது. பட்டாணி அளவில் உருண்டை உருண்டையாக. தொட்டதும் காலை உயர்த்தினாள், பயந்து விட்டுவிட்டேன். எப்படி எடுப்பது?


பழைய லாயக்காரி எழுதியது:

பின்னால் நிற்காதீர்கள் தம்பி, விலாவோடு ஒட்டி, அவள் வாலைப் பார்த்தபடி நில்லுங்கள். ஒருவர் முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொள்ளட்டும். இடது கையை அவள் முதுகில் வைத்தபடியே இருங்கள், தசை இறுகினால் முதலில் அந்தக் கைக்குத்தான் தெரியும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து முதலில் வயிற்றிலிருந்து ஆரம்பித்து மெல்லப் பின்னால் போங்கள். முதல் நாள் துணி பட்டால் போதும். இரண்டாம் நாள் சாதா எண்ணெயைத் தடவி ஊறவிடுங்கள், உருண்டை தானாக நெகிழும். பிய்த்து எடுக்காதீர்கள். சோப்பு வேண்டாம், அங்கே தோல் மிக மெல்லியது. மூன்றாம் நாள் பெரும்பாலும் அவளே காலை அகட்டிக் கொடுப்பாள்.

இடது குளம்பு எப்படி இருக்கிறது என்று அடுத்த வாரம் எழுதுங்கள்.