தில்லைநகர் வீடு குழு: ஞாயிறு சாயங்காலம் எந்த இசைத்தட்டு?

வியாழன், காலை 7:10

கோபால் தாத்தா: இனிய காலை வணக்கம். இன்று பிரதோஷம். (தாமரைப் படம்)

நித்யா: வணக்கம் தாத்தா. எல்லோருக்கும் ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் முதல் வருஷத் திதி. பத்து மணிக்குள் படையல் முடிந்துவிடும், பதினொன்றரைக்குப் பந்தி. சாயங்காலம் ஹாலில் எல்லோரும் உட்கார்ந்து அப்பாவின் ரெக்கார்ட் பிளேயரில் ஒரு எல்.பி. முழுதாகக் கேட்கலாம் என்று நானும் அம்மாவும் நினைத்திருக்கிறோம். ஊசி தேய்ந்திருக்கிறது, அதிகம் ஓட்டினால் தட்டு கீறிவிடுமாம், அதனால் ஒன்றுதான். அப்பாவுக்குப் பிடித்த பிங்க் ஃபிளாய்டு குழுவின் ஆல்பங்களில் டார்க் சைட் ஆஃப் தி மூனா, விஷ் யூ வேர் ஹியரா? சொல்லுங்கள்.

பாபு: இலை எத்தனை?

கார்த்தி: டார்க் சைட். யோசிக்கவே வேண்டாம்.

வசந்தா: திதி அன்றைக்குப் பாட்டா நித்யா? அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்?

நித்யா: சாயங்காலம்தானே அத்தை. அம்மா சரி என்றுவிட்டாள்.

வசந்தா: அண்ணியே சொன்னால் சரி.

பாபு: இலை?

முரளி: விஷ் யூ வேர் ஹியர்தான் போட வேண்டும். ஏன் என்று விவரமாக எழுதுகிறேன், ரயில்வே கேட்டில் நிற்கிறேன்.

கார்த்தி: மாமா ஆரம்பித்துவிட்டார்.

காலை 8:02

முரளி: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டார்க் சைட் பெரிய ஆல்பம், அதை நான் மறுக்கவில்லை. 1973 மார்ச்சில் வந்தது. லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் மாதக்கணக்கில் விட்டுவிட்டுப் பதிவு செய்தார்கள். 1988 வரைக்கும் கணக்குப் பார்த்தால் அமெரிக்க பில்போர்டு ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 741 வாரம் இருந்தது. ஆனால் அது உலகத்துக்கே பொதுவாகச் செய்தது. காலம், பணம், சாவு, பைத்தியம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசும். 1975இல் வந்த விஷ் யூ வேர் ஹியர் ஒரே ஒரு ஆளுக்காகச் செய்தது. சிட் பேரட். பிங்க் ஃபிளாய்டை ஆரம்பத்தில் தூக்கி நிறுத்தியவன், மனம் கலங்கி 1968இல் குழுவை விட்டு விலக வேண்டி வந்தது. ஏழு வருஷம் கழித்து, ஜூன் 5ஆம் தேதி, அவனைப் பற்றிய அந்த நீளப் பாட்டுக்குக் கலவை வேலை நடந்துகொண்டிருக்கிறது, ஸ்டுடியோவுக்குள் ஒரு பருத்த ஆள் வந்து நிற்கிறான். தலை மொட்டை, புருவமும் மழித்திருக்கிறது. யாரோ என்று விட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிகிறது, சிட். கூட வாசித்தவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. சேகர் அண்ணன் இதை எனக்குச் சொன்னபோது நான் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தேன், மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்திருந்தோம், இன்றைக்கும் மறக்கவில்லை.

ஜெயா: ரயில்வே கேட் இன்னும் திறக்கவில்லையா?

வசந்தா: பாவம் அந்தப் பையன்.

கோபால் தாத்தா: யார் அந்த சிட்? நம் ஆட்களா?

நித்யா: இல்லை தாத்தா, இங்கிலாந்துக்காரர். பாட்டுக்காரர்.

கார்த்தி: மாமா, நீங்கள் சொன்னது எல்லாம் சரி. ஆனால் சேகர் மாமா பெல் (BHEL) தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வந்து கை கால் கழுவிவிட்டு எதைப் போடுவார்? டார்க் சைட்தான். இதயத் துடிப்பில் ஆரம்பிக்கும், இதயத் துடிப்பில் முடியும். நடுவில் 43 நிமிஷம், தட்டைத் திருப்பிப் போடும் நேரம் போக, ஒரு மூச்சு. பாட்டுக்குப் பாட்டு இடைவெளி கிடையாது. விஷ் யூ வேர் ஹியரில் மொத்தமே ஐந்து உருப்படி, அதிலும் ஒன்றையே இரண்டாக வெட்டி முன்னாலும் பின்னாலும் வைத்திருக்கிறார்கள்.

முரளி: வெட்டினது இல்லைடா. ஆளை நடுவில் காணவில்லை என்பதைக் காட்டத்தான் அப்படி.

கார்த்தி: அப்புறம் அந்தப் பணம் பாட்டு. ஏழு மாத்திரை. நாணயம், கல்லாப்பெட்டி, காகிதம் கிழிக்கும் சத்தம் எல்லாம் சேர்த்து ஏழு சத்தம், டேப்பை ஒட்டி வளையமாகச் சுற்றவிட்டது. சேகர் மாமா தொடையில் மிஸ்ர சாபு போடுவார், தகிட தகதிமி, தகிட தகதிமி என்று. சாக்ஸபோன் வரைக்கும் சரியாக வரும். கிதார் தனி வந்ததும் பாட்டு நாலுக்கு மாறிவிடும், அவர் கையும் மாறும். எனக்குத் தாளம் என்றால் என்ன என்று புரிந்தது அந்த இடத்தில்தான். பாட்டு வாத்தியாரிடம் மூன்று வருஷம் போய் வராதது.

வசந்தா: வாத்தியாருக்கு நான் கொடுத்த ஃபீஸ் எல்லாம் வீணா?

பாபு: சமையல்காரர் போன் செய்துவிட்டார். 40ஆ, 45ஆ?

வசந்தா: சேப்பங்கிழங்கு வறுவல் கட்டாயம் வேண்டும் என்று சொல். அண்ணனுக்குப் பிடித்தது. போன தடவை மாதிரி எண்ணெய் குடித்து வரக் கூடாது.

ஜெயா: மோர்க்குழம்பா, வத்தக்குழம்பா?

வசந்தா: மோர்க்குழம்பு. பூசணிக்காய் போட்டு.

பாபு: அது சரி, எண்ணிக்கை?

நித்யா: இன்னும் யார் யார் வருகிறார்கள் என்று தெரியவில்லை அத்தான். முரளி சித்தப்பா, நீங்கள் எப்போது வருகிறீர்கள்?

முரளி: ஞாயிறு காலை வந்துவிடுவேன். மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி ரயிலில் திரும்ப வேண்டும், திங்கட்கிழமை வேலை இருக்கிறது.

கார்த்தி: அப்படியானால் சாயங்காலம் நீங்கள் இருக்கவே போவதில்லை. எதைப் போட்டால் உங்களுக்கு என்ன மாமா?

வசந்தா: கார்த்தி.

கார்த்தி: கேட்டதில் தப்பு என்னம்மா?

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

ஜெயா: இரண்டு பேரும் கொஞ்சம் காபி குடியுங்கள்.

காலை 10:40

முரளி: நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் கருத்து ஒன்றுதான். கார்த்தி, தலைப்புப் பாட்டின் ஆரம்பத்தை ஒரு தடவை ஹெட்போன் வைத்துக் கேள். யாரோ ரேடியோவில் நிலையம் தேடுகிற சத்தம், அப்புறம் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஒரு கிதார். எங்கோ தூரத்தில் ஒருவன் வாசிக்கிறான். கொஞ்சம் பொறுத்தால் இந்தப் பக்கம் ஒருவன் இருமுகிறான், தன் கிதாரை எடுத்து ரேடியோவில் வருகிறவனோடு சேர்ந்து வாசிக்கிறான். இரண்டும் குழுவின் கிதார்காரர் டேவிட் கில்மர்தான், ஆனால் காதுக்கு இரண்டு ஆள். ஒருவன் தூரத்தில், ஒருவன் அறையில். அவனுக்கு இவன் வாசிப்பது கேட்காது, இவன் அதற்காக நிறுத்துவதில்லை. ஒரு ஆளை நினைத்துக்கொண்டிருப்பது என்றால் எப்படி இருக்கும் என்று இதைவிடத் தெளிவாக எந்தப் பாட்டிலும் நான் கேட்டதில்லை. கில்மரும் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டும் தங்களுக்கு மிகவும் பிடித்த பிங்க் ஃபிளாய்ட் ஆல்பம் இதுதான் என்று சொல்லியிருக்கிறார்கள். போதுமா?

நித்யா: சித்தப்பா, இதைப் படித்துவிட்டு அம்மா பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

கார்த்தி: அழகாகச் சொன்னீர்கள் மாமா. ஆனால் டார்க் சைட் முதல் பக்கத்தின் கடைசியில் அந்தப் பெண் பாடுவது? கிளேர் டோரி. ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டு, வார்த்தை கிடையாது, சாவைப் பற்றிப் பாடு என்றார்கள். வார்த்தையே இல்லாமல் பாடினார். 30 பவுண்டு கூலி. 2005இல் வழக்கு சமரசமாகித்தான் எழுதியவர்களில் ஒருவராக அவர் பெயரும் சேர்ந்தது. திதி அன்றைக்கு அதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது? ஒப்பாரிதானே அது. நம் ஊர் ஒப்பாரியில் மட்டும் எல்லா இடத்திலும் வார்த்தை இருக்கிறதா என்ன?

வசந்தா: அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். அண்ணன் போடும்போது அம்மா அடுப்படியிலிருந்து வந்து நிற்பாள். யார் வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்பாள்.

கோபால் தாத்தா: என் அண்ணியா? ஆமாம். நானும் இருந்தேன்.

காலை 11:25

நித்யா: ஒரு நிமிஷம். அலமாரியிலிருந்து இரண்டையும் எடுத்தேன். விஷ் யூ வேர் ஹியர் இருக்கிறது. கவரில் தீப்பிடித்த ஆள் கை குலுக்குகிறானே, அந்தப் படத்தின் மேல் அப்பா டம்ளர் வைத்த வட்டம் அப்படியே இருக்கிறது. டார்க் சைட் கவரைத் திறந்தால் உள்ளே சுப்ரபாதம்.

பாபு: என்ன?

நித்யா: சுப்ரபாதம் தட்டு. டார்க் சைட் தட்டு இல்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. கவரின் மூலையில் அப்பா கையெழுத்து, பச்சை மையில், மூர் மார்க்கெட் 1981 என்று.

கார்த்தி: 2007இல் மும்பை போய்விட்டு வந்த பிறகு மாமா அதைப் போட்டு நான் கேட்டதே இல்லை. கேசட்தான் போடுவார். அப்போதே இல்லையா?

வசந்தா: யாராவது எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அண்ணன் யார் கேட்டாலும் கொடுத்துவிடுவான்.

ஜெயா: 

ஜெயா: மன்னிக்கவும், கை பட்டுவிட்டது.

மதியம் 1:50

முரளி: அது என்னிடம்தான் இருக்கிறது.

முரளி: 1999இல் கோயம்புத்தூருக்குக் குடிபோனபோது சாமான் கட்டினதில் என் தட்டுகளோடு கலந்து வந்துவிட்டது. ஒரு மாதம் கழித்துத்தான் பார்த்தேன். அப்போது நானும் அண்ணனும் பேசிக்கொள்ளவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தால் அதை வைத்து ஒரு பேச்சு வரும், பேச்சில் வீட்டு விவகாரம் வரும் என்று தள்ளிப்போட்டேன். நித்யா கல்யாணத்தில் பேச ஆரம்பித்த பிறகு எப்படி எடுத்துக் கொடுப்பது என்று தெரியவில்லை. அண்ணனும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. நான் விஷ் யூ வேர் ஹியர் என்று சொன்னது இதை மறைக்க இல்லை. அதை நம்புங்கள்.

வசந்தா: பழையதைக் கிளற வேண்டாம்.

பாபு: ம்.

கார்த்தி: மாமா, நான் காலையில் கேட்டது தப்பு. ஒன்று சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 2007 பிப்ரவரியில் பிங்க் ஃபிளாய்டில் இருந்த ரோஜர் வாட்டர்ஸ் மும்பைக்குக் கச்சேரிக்கு வந்தபோது நானும் சேகர் மாமாவும் போனோமே. டார்க் சைட் முழுவதையும் வாசிப்பார் என்பதற்காகத்தான் போனது. அது இரண்டாவது பாதியில். முதல் பாதியிலேயே விஷ் யூ வேர் ஹியர் பாட்டு வந்தது. சுற்றி எல்லோரும் எழுந்து கத்திப் பாடுகிறார்கள், மாமா மட்டும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கால் வலிக்கிறது என்றார். பாட்டு முடிந்ததும் எழுந்துகொண்டார், அதற்கப்புறம் மூன்று மணி நேரம் நின்றாலும் கால் வலி என்று சொல்லவில்லை. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

நித்யா: 2007இல் நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லையே சித்தப்பா.

ஜெயா: அவர் போனை வைத்துவிட்டு வாசலில் நிற்கிறார். அப்புறம் எழுதுவார்.

வசந்தா: சிட் என்கிற அந்தப் பையன் எப்போது செத்தான்?

கார்த்தி: 2006ம்மா. அந்த ஆல்பம் வந்தபோது உயிரோடுதான் இருந்தான். அதற்கப்புறம் 31 வருஷம்.

வசந்தா: உயிரோடு இருக்கிறவனுக்கா அத்தனை பாட்டு.

மாலை 4:15

கமலா: நித்யா டைப் செய்து தருகிறாள், நான் சொல்கிறேன். எனக்கு இரண்டு ஆல்பமும் தெரியும், பெயர்தான் வாயில் வராது. ஒன்றில் திடீரென்று எல்லாக் கடிகாரமும் அடிக்கும். கல்யாணமான புதிதில் பால் பொங்குகிறது, நேரமாகிவிட்டது என்று அலறிக்கொண்டு ஓடினேன், அவர் சிரித்துவிட்டு அது கடிகாரக் கடையில் போய்ப் பதிவு செய்தது என்று சொன்னார். இன்னொன்றில் பாட வாய் திறப்பதற்குள் உலையில் அரிசி பாதி வெந்துவிடும். அதில் ஆரம்பத்தில் நாலே நாலு சுரம் கிதாரில் வரும். அதை அவர் ஆஸ்பத்திரியில் கட்டிலின் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முரளி, தட்டைக் கொண்டு வா. கவரில் போட்டு வைக்க வேண்டும்.

கோபால் தாத்தா: கமலா சொல்வது சரி.

கார்த்தி: அப்படியானால் எதைப் போடுவது அத்தை?

நித்யா: அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். டார்க் சைடில் முதல் பக்கம், விஷ் யூ வேர் ஹியரில் இரண்டாவது பக்கம் என்று போடலாமா? மொத்தம் ஒரு தட்டு ஓடுகிற நேரம்தான் ஆகும், ஊசி தாங்கும்.

கார்த்தி: டார்க் சைடை நடுவில் நிறுத்துவதா? பாதியில் எழுந்து போவது மாதிரி.

நித்யா: கிளேர் டோரியோடு முடியும் கார்த்தி.

கார்த்தி: யோசிக்கிறேன்.

வசந்தா: இதயத் துடிப்போடு முடிய வேண்டாம். அண்ணி தாங்க மாட்டாள்.

கார்த்தி: அது சரிதான்ம்மா. ஆனாலும்.

ஜெயா: ஊசி இங்கே ஏதாவது கடையில் கிடைக்குமா என்று நாளைக்குப் பார்க்கிறோம். பிளேயரின் படத்தை அனுப்பு நித்யா, ஊசி இருக்கும் இடத்தைக் கிட்டத்தில் எடு.

நித்யா: இதோ. (படம்)

பாபு: சமையல்காரர் கடைசியாகக் கேட்கிறார். நாற்பதுக்குச் சொல்லிவிடட்டுமா?

முரளி: நாற்பத்தொன்று சொல். சனிக்கிழமை ராத்திரியே வருகிறேன், திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டேன். தட்டைத் துணியில் சுற்றிக் கையிலேயே கொண்டு வருகிறேன், பெட்டியில் வைக்க மாட்டேன்.

ஜெயா: நாற்பத்திரண்டு.