இங்கிலாந்தில் மாணவர் கடன் வாங்குவோர் எண்ணிக்கையை 2035 வரை கணிப்பது எப்படி?

கோடுபோடி:
புள்ளியியல் பாடத்துக்காக ஒரு புராஜெக்ட். இங்கிலாந்தில் அரசின் மாணவர் கடன் வாங்கும் முழுநேர இளங்கலை மாணவர்களைக் கணிக்க வேண்டும். பழைய எண்களை எக்ஸெலில் போட்டு டிரெண்ட்லைன் இழுத்தேன். அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகிறது. வழிகாட்டி பார்த்துவிட்டு, "இதை நீயே நம்புகிறாயா?" என்கிறார். என்ன செய்யலாம்?

பழையகணக்கு:
முதலில் அந்தக் கோட்டை அழித்துவிட்டுப் பிறப்புக் கணக்கை எடுங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 2001இல் பிறந்தவை சுமார் 5.95 லட்சம் குழந்தைகள். 2012இல் சுமார் 7.3 லட்சம், அதுதான் உச்சம். 18ஐக் கூட்டினால் 2030. அதுவரை பதினெட்டு வயதுக்காரர்கள் பெருகுவார்கள், அப்புறம் இறங்குமுகம். 2035இல் சேரப்போகிறவர்கள் இப்போதே பள்ளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். எக்ஸெலுக்குத்தான் அது தெரியாது.

பிறகு மூன்று விகிதங்கள்: இவர்களில் எத்தனை பேர் பல்கலைக்கழகம் போவார்கள், அதில் எத்தனை பேருக்குக் கடன் பெறத் தகுதி, தகுதியுள்ளவர்களில் எத்தனை பேர் வாங்குவார்கள். கடைசி விகிதம் பத்தில் ஒன்பதுக்கும் மேல், பெரிதாக அசையாது. தலைவலி முதலாவதில். இன்னொன்று, சேர்ந்தவர் மூன்று ஆண்டு கடன் வாங்குவார். 2020இல் தேர்வு நடக்காமல் ஆசிரியர்களின் மதிப்பீட்டிலேயே பலருக்கு இடம் கிடைத்தது. அந்தப் பெரிய கூட்டம் அடுத்த இரண்டு ஆண்டுக் கணக்கிலும் வரும். அதனால் முதலாண்டு, இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு என்று பிரித்தே போடுங்கள். அரசின் கல்வித்துறையும் சேர்க்கையை முதலில் கணித்து, அதிலிருந்துதான் கடனுக்குப் போகிறது.

கோடுபோடி:
நன்றி. 2012இல் ஒரு சரிவு தெரிகிறதே, அதை விலக்கிவிடலாமா?

பழையகணக்கு:
விலக்காதீர்கள், காரணத்தோடு வையுங்கள். அந்த ஆண்டு கட்டண உச்சவரம்பு 3,375 பவுண்டிலிருந்து 9,000க்குத் தாவியது. ஓராண்டு கழித்துச் சேரலாம் என்றிருந்தவர்கள் 2011லேயே ஓடிவந்து சேர்ந்தார்கள். 2011இன் மேடும் 2012இன் பள்ளமும் ஒரே கதை. இதுபோல விதி மாறிய ஆண்டுகள் வேறும் உண்டு. 2015இல் சேர்க்கை எண்ணிக்கைக்கு இருந்த கட்டுப்பாடு போனது. 2017இல் புதிய செவிலியர் மாணவர்களுக்கு உதவித்தொகை நின்று, அவர்களும் கடனுக்குள் வந்தார்கள். 2021இல் புதிதாகச் சேர்ந்த ஐரோப்பிய ஒன்றிய மாணவர்களில் பெரும்பாலோர் தகுதி இழந்தார்கள். மாணவர்களின் ஆசை மாறியதாக நினைத்து மாடல் இதையெல்லாம் கற்றுக்கொண்டால் குட்டிச்சுவர்தான்.

வரிசைஎண்:
2023இல் சேர்ந்தவர்களுக்கு 40 ஆண்டு கழித்துத்தான் மீதிக் கடன் தள்ளுபடி, முன்பு 30. இதனால் எண்ணிக்கை குறையாதா?

பழையகணக்கு:
என் கருத்தில் குறையாது. கையில் பணமில்லாத பதினெட்டு வயதுக்காரர் அறுபது வயதுக்கு மேல் நடக்கப்போவதை யோசித்தா கையெழுத்துப் போடுகிறார்? அரசுக்கு எவ்வளவு திரும்பி வரும் என்ற கணக்குதான் மாறும், அது தனிப் புராஜெக்ட்.

நிலவொளி:
வாங்கும் விகிதம் அசையாது என்பதில் எனக்கு ஒரு திருத்தம். வட்டி கூடாதென்று கடனைத் தவிர்க்கும் முஸ்லிம் மாணவர்கள் இருக்கிறார்கள். வட்டியில்லா மாற்றுத் திட்டம் பற்றி 2014லேயே அரசு கருத்துக் கேட்டது. அது நடைமுறைக்கு வரும் ஆண்டில் விகிதம் கொஞ்சம் ஏறும்.

பழையகணக்கு:
சரியான பாயிண்ட், 'அப்படி நடந்தால்' என்று அதைத் தனிக் கணிப்பாகப் போட்டுக் காட்டலாம். கடைசியாக ஒன்று: கட்டணக் கடன் வாங்குபவரே வாழ்க்கைச் செலவுக் கடனும் வாங்குவார். இரண்டு பட்டியலையும் கூட்டிவிடாதீர்கள், ஒரே ஆள் இரண்டு முறை வந்துவிடுவார்.