ஸ்பை வைத்தும் நிஜ மெத்தட்தான் ஓடுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே, இரண்டு நாளாக ஒரு டெஸ்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஜாவா, ஜேயூனிட் 5 (டெஸ்ட் ஓட்டும் கருவி), மாக்கிட்டோ (டெஸ்ட்டுக்குப் போலி ஆப்ஜெக்ட் செய்து தரும் லைப்ரரி). பில் போடும் பழைய கிளாஸ் ஒன்று. அதில் வரி கணக்கிடும் மெத்தட் நிஜமாகவே ஓட வேண்டும், ஆனால் டேட்டாபேஸிலிருந்து வரி விகிதத்தை எடுத்துவரும் மெத்தட் மட்டும் 18 என்று பொய் சொல்ல வேண்டும், அதனால்தான் எல்லா மெத்தட்டும் போலியாகிவிடும் முழு மாக் வைக்காமல், சொன்ன மெத்தட் மட்டும் போலியாகி மற்றவை நிஜமாக ஓடும் ஸ்பை வைத்தேன்.

முதலில் வென், தென்ரிட்டர்ன் (இதைக் கூப்பிட்டால் இதைத் திருப்பு) என்று எழுதினேன். ஸ்டப், அதாவது போலிப் பதில், வைக்கிற அந்த லைனிலேயே நிஜ மெத்தட் ஓடி, இல்லாத டேட்டாபேஸைத் தேடிப் போய் நல்பாயின்டர் எரர். டூரிட்டர்ன் என்று திருப்பிப் போட்டதும் அது சரியாகிவிட்டது (இதற்கே ஒரு மத்தியானம் போச்சு). இப்போது புதுத் தலைவலி. அந்த கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கோடு) உருவாகும் ஆப்ஜெக்டையே, அதாவது திஸ்ஸை, ஒரு டைமரிடம் கொடுத்துவைக்கிறது. ஸ்பை அசலின் நகல்தானே, டைமர் கூப்பிடுவது அசலைத்தான், என் 18-ஐ யாரும் சீண்டுவதே இல்லை.

விகிதம் எடுக்கும் வேலையைத் தனி கிளாஸாகப் பிரித்து அதை முழுசாக மாக் செய்வதுதான் ஒழுங்கான வழி என்று தெரியும், ஆனால் கன்ஸ்ட்ரக்டரில் கை வைத்தால் 40 இடத்தில் உடையும். அதைத் தொடாமல் யாராவது சமாளித்திருக்கிறீர்களா?